பூஸ்டர் மீது பழி போடுவதற்கு முன்

பழைய காரில் பிரேக் பெடல் கல்லாக இறுகிவிட்டால், பட்டறையில் பெரும்பாலும் கிடைக்கும் தீர்ப்பு ஒன்றுதான்: "பூஸ்டர் போய்விட்டது, மாற்றிவிடலாம்." மிதிக்கும் காலுக்கு வெற்றிடத்தின் பலத்தால் கைகொடுக்கும் டப்பாதான் பூஸ்டர். சில சமயம் அந்தத் தீர்ப்பு உண்மை. பல சமயம் குற்றவாளி சில நூறு ரூபாய் ரப்பர் ஹோஸாகவோ, விரல் நீள வால்வாகவோ இருக்கும். பூஸ்டர் வெறுமனே தண்டனை அனுபவிக்கும்.

முதல் தவறு, பெடல் சொல்வதைச் சரியாகக் கேட்காதது. பஞ்சு போல அமுங்கினால் பிரேக் ஆயிலில் காற்று புகுந்திருக்கிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், எங்கும் ஒழுகல் இல்லாத பட்சத்தில், பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகிக்க வேண்டும். பெடல் இறுகி, வண்டியை நிறுத்த முழு பலமும் தேவைப்பட்டால்தான் வேக்குவம், அதாவது வெற்றிடத்தின் பக்கம் திரும்ப வேண்டும். இறுகிய பெடலுக்கு ஏர் எடுத்துக்கொண்டிருப்பவர்களை, அதாவது ஆயிலிலிருந்து காற்றை வெளியேற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கால்வலிக்குக் கண் மருந்து போடுவது போலத்தான்.

பூஸ்டரின் வேலை எளிமையானது. தகர டப்பாவுக்குள் ஒரு ரப்பர் டயாஃப்ரம். மிதிக்காதபோது அதன் இரு பக்கமும் வெற்றிடம். பெட்ரோல் வண்டியில் அதை இன்ஜினே ஹோஸ் வழியாக உறிஞ்சி உருவாக்குகிறது. மிதித்தவுடன் ஒரு பக்கம் மட்டும் வெளிக்காற்று நுழைகிறது. அந்த அழுத்த வேறுபாடு மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது. 9 அங்குல விட்டமுள்ள டயாஃப்ரத்தில் இந்த உதவி 250 கிலோவைத் தாண்டும். அது நின்றுபோனால் பிரேக் அடியோடு போய்விடாது. மீதி வேலை முழுவதும் உங்கள் காலின் தலையில் விழும்.

சோதிக்கக் கருவியே தேவையில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும் வரை நான்கைந்து முறை மிதியுங்கள். கடைசி மிதியில் காலை எடுக்காமல் இன்ஜினை ஓட விடுங்கள். பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் வெற்றிடம் வரவில்லை, அல்லது வந்தும் பூஸ்டர் அதைப் பயன்படுத்தவில்லை. அடுத்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். சிறிது பொறுத்து மிதித்தால் முதல் மிதி ஆழமாகப் போய், அடுத்தடுத்தவை மேலேறி நிற்க வேண்டும். முதல் மிதியே இறுக்கமாக இருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது பூஸ்டருக்குள் காற்று திரும்பாமல் தடுக்கும் ஒருவழி வால்வு பிடிக்கவில்லை. காலுக்கருகே 'உஸ்' சத்தம் தொடர்ந்து கேட்டால் அப்போது பூஸ்டரைக் குற்றம் சொல்லலாம்.

பெட்ரோல் வண்டியில் இன்னொரு வழி உண்டு. இன்ஜின் ஐட்லிங் தடுமாறும்போது, பூஸ்டருக்குப் போகும் ஹோஸை அதற்கு மிக அருகில் அழுத்தி மூடுங்கள். தடுமாற்றம் நின்றால் கசிவு அந்த இடத்துக்கு அப்பால், பூஸ்டரில்தான். கசிவைத் தேட, சூடான இன்ஜின் மீது பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு முழம் ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறு முனையை ஹோஸ் நெடுக நகர்த்தினாலே இடம் தெரிந்துவிடும். ஃபேன், பெல்ட் பக்கம் மட்டும் எச்சரிக்கை தேவை.

வெற்றிடத்தை அளக்கும் கேஜ் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல பெட்ரோல் இன்ஜின் ஐட்லிங்கில் 18 முதல் 22 அங்குலப் பாதரச அளவு காட்டும் என்பது கடல் மட்டக் கணக்கு. 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் அதே இன்ஜின் ஆறேழு அங்குலம் குறைத்தே காட்டும். அதைப் பார்த்துப் பயந்து பூஸ்டர் வாங்கக் கூடாது.

டீசல் வண்டியில் கதை வேறு. டீசல் இன்ஜினின் காற்றுப் பாதையில் பெட்ரோல் வண்டி போலக் காற்றை மட்டுப்படுத்தும் த்ராட்டில் தடுப்பு இல்லாததால் போதிய வெற்றிடம் தானாக உருவாகாது. தனி வேக்குவம் பம்ப் வேண்டும். பழைய டீசல் இண்டிகா, சுமோ போன்றவற்றில் அது, பெல்ட்டால் சுற்றிப் பாட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதாவது பெல்ட் அறுந்தால் பாட்டரி சார்ஜும் பிரேக் உதவியும் சேர்ந்தே போகும். பாட்டரி விளக்கு எரிந்ததும் 'வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்' என்று ஓட்டுவது ஆபத்தாவது இதனால்தான். இன்னொன்று: பம்புக்கு இன்ஜின் ஆயில் போகிறது. அதன் உள் சீல் தேய்ந்தால் ஆயில் ஹோஸ் வழியே பூஸ்டருக்குள் போய் ரப்பரை ஊதவைக்கும். ஹோஸைக் கழற்றும்போது உள்ளே ஆயில் ஈரம் இருந்தால், பூஸ்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. புது பம்பை மாட்டுமுன் பாட்டரி வயரைக் கழற்றுங்கள். பம்புக்குள் சிறிது இன்ஜின் ஆயில் விடுங்கள். வறண்டு சுற்றினால் அதன் பிளேடுகள் தேயும்.

ஹோஸ் விஷயத்தில் என் சொந்த முட்டாள்தனத்தைச் சொல்லியே ஆக வேண்டும். என் பழைய பெட்ரோல் காருக்கு, கையில் கிடைத்த தண்ணீர்க் குழாய்த் துண்டை மாட்டினேன். காலையில் பிரேக் அருமை. மதியம் இன்ஜின் சூடேறியதும் குழாய் இளகி, உள்ளே இழுக்கப்பட்டுத் தட்டையாகிவிட்டது. சிக்னலில் பெடல் மரக்கட்டை. கழற்றிப் பார்த்தபோது ஆறிப்போய்ப் பழையபடி உருண்டையாகச் சிரித்தது! வெற்றிடத்தைத் தாங்கவென்றே செய்த, சுவர் தடித்த பிரேக் ஹோஸைத் தவிர வேறெதுவும் கூடாது.

ஒருவழி வால்வைக் கழற்றி ஊதிப் பாருங்கள்: பூஸ்டர் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், இன்ஜின் பக்கத்திலிருந்து போகக் கூடாது. அம்புக்குறி இருந்தால் அது இன்ஜினைப் பார்க்கட்டும். வால்வைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, பூஸ்டருக்குள்ளேயே தள்ளிவிடுவது வழக்கமான விபத்து. புது வளையத்துக்குக் கிரீஸ் பூச வேண்டாம். சோப்புத் தண்ணீர் போதும்.

கடைசியில் பூஸ்டரே போய்விட்டது என்றால், ஏன் போனது என்று பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்ததும் அதன் பின்புறம் ஈரமாக இருந்தால், பிரேக் ஆயில் கசிந்து டயாஃப்ரத்தைக் கெடுத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கதவும் விளக்கும் தேடலாம், பழைய பூஸ்டர் மட்டும் வேண்டாம். அதன் ரப்பருக்கும் உங்கள் வண்டி வயதுதான்.

புதியதை மாட்டும்போது, பூஸ்டரிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் தள்ளுகம்பியின் நீளத்தைப் பழையதோடும் கையேட்டு அளவோடும் ஒப்பிட்டே ஆக வேண்டும். குறைவாக இருந்தால் பெடலில் வீண் ஆட்டம். அதிகமாக இருந்தால் விபரீதம்: காலை எடுத்த பிறகும் மாஸ்டர் சிலிண்டர் முழுதாகத் திரும்பாது, பிரேக் மெல்லப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால் முதல் ஓட்டம் தெருவுக்குள், மெதுவாக. ஐந்து கிலோமீட்டர் போய்வந்து நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். பிரேக்கை அதிகம் மிதிக்காமலே அனல் அடித்தால், வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு மறுபடி ஸ்பானரை எடுங்கள்.