எம்.ஜே.ஓ படத்தை வைத்து வெப்ப அலை சொல்பவர்கள் சறுக்கும் இடங்கள்

வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் நம் வானிலை ஆர்வலர்கள் எம்.ஜே.ஓ எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். மேடன்-ஜூலியன் அலைவு என்பது முழுப்பெயர். ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1971இல் கண்டு சொன்னது. இந்தியப் பெருங்கடலில் திரளும் மழைமேகக் கூட்டம் நொடிக்குச் சுமார் 5 மீட்டர் வேகத்தில் கிழக்கே நகரும். பசிபிக்கின் நடுவில் மேகம் கலைந்துபோனாலும், காற்றில் அதன் தடம் பூமியைச் சுற்றி வரும். ஒரு சுற்றுக்கு 30 முதல் 60 நாள்.

இதை மழைச் சமாச்சாரமாக மட்டும் பார்ப்பதுதான் முதல் தவறு. அந்த மேகங்களில் நீராவி நீராக மாறும்போது உள்ளுறை வெப்பம் வெளியேறுகிறது. மேலே எழுந்த காற்று உயரத்தில் நாலாபுறமும் விரிந்து, அங்கே மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக ஓடும் ஜெட் காற்றை அசைத்துவிடுகிறது. அங்கிருந்து ராஸ்பி அலைகள், அதாவது காற்றோட்டத்தில் எழும் மாபெரும் வளைவுகள், கிளம்பிப் பல ஆயிரம் கிலோமீட்டர் போகும். அலையின் முகடு எந்த ஊர்மேல் வந்து நிற்கிறதோ அங்கே உயர் அழுத்தம். காற்று கீழே இறங்கும், இறங்க இறங்க அமுங்கிச் சூடாகும், மேகம் இருக்காது. ஆசியப் பக்கம் கொட்டும் மழை, அமெரிக்கக் கரையில் வெயிலாக முடியலாம்.

சரி, அதற்காக எல்லாப் பழியையும் வெப்பமண்டலத்தின் மேல் போடலாமா? 2021 ஜூன் 29 அன்று கனடாவின் லிட்டனில் 49.6 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த நாட்டின் பழைய உச்சம் 1937இல் பதிவான 45 டிகிரி. மறுநாள் காட்டுத்தீயில் ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது. ஊர்மேல் மூடிபோல் நின்று வெப்பத்தைச் சிறைவைத்த அந்த உயர் அழுத்தத்துக்கு, அதாவது வெப்பக் குவிமாடத்துக்குப் பின்னால் ஆசியப் பருவமழைப் பக்கமிருந்து கிளம்பிய அலைக்கு ஒரு பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் மண் காய்ந்திருந்தது, ஜூன் கடைசியில் பகல் மிக நீளம், புவி வெப்பமாதல் வேறு எல்லாவற்றையும் ஒரு படி மேலே ஏற்றி வைத்திருந்தது. வெப்பமண்டலம் தள்ளிவிட்டது, அவ்வளவுதான்.

என் கணக்கில் அதிகம் பேர் விழுவது அடுத்த குழியில். ஆஸ்திரேலியாவின் வீலரும் ஹெண்டனும் 2004இல் தந்த குறியீட்டு வரைபடம்தான் எல்லோரும் பார்க்கும் எம்.ஜே.ஓ படம். அதில் மேகக்கூட்டம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லும் எட்டுக் கட்டங்கள், நடுவில் ஒரு வட்டம், அன்றைய நிலையைக் காட்ட ஒரு புள்ளி. ‘இந்தக் கட்டம் என்றால் அந்த ஊரில் வெப்பம்’ என்ற அட்டவணை ஒன்றை எங்கிருந்தோ எடுத்து, எல்லா மாதத்துக்கும் ஒட்டவைத்துவிடுகிறார்கள். அந்த அட்டவணை வடகோளக் குளிர்காலத்துக்குப் போட்டதாக இருக்கும். குளிர்காலத்தில் ஜெட் காற்று வலுவானது, அலை நன்றாகப் பயணிக்கும். கோடையில் அது பலவீனமாகி வடக்கே ஒதுங்கிவிடும். அலைவும் நிலநடுக்கோட்டோடு நிற்காமல் இந்தியப் பக்கம், கிழக்காசியப் பக்கம் என்று வடக்கே ஏறும். கோடைக்குத் தனிக் குறியீடுகள் இருப்பது இதனால்தான். அப்புறம், மேகம் இன்று திரண்டால் தொலைவில் விளைவு இன்றே தெரியாது. ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் முழுதாகத் தெரியும்.

எல் நினோவோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. எல் நினோ மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும், பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவதோடு பிணைந்தது. எம்.ஜே.ஓ நடந்துகொண்டே இருக்கும். முன்னது பருவத்தின் போக்கைச் சொல்லும், பின்னது வாரத்தின் போக்கை.

கடைசியாக, முன்கூட்டிச் சொல்வது பற்றி. வலுவான அலைவு இருந்தால் மூன்றாவது, நான்காவது வாரத்தில் வெப்பம் மிகுவதற்கான வாய்ப்பு கூடுமா குறையுமா என்று சொல்லலாம். இன்ன தேதியில் இத்தனை டிகிரி என்று சொல்ல முடியாது. 2021இலும் நம்பகமான எச்சரிக்கை வந்தது ஒரு வாரம், பத்து நாள் முன்புதான். அந்த அலைவே இந்தோனேசியத் தீவுகளைக் கடக்கும்போது பல தடவை உதிர்ந்துவிடும். கணினி மாதிரிகளுக்கும் அந்த இடம் இன்னும் தலைவலிதான். புள்ளி நடு வட்டத்துக்குள் இருந்தால் அலைவு பலவீனம் என்று பொருள். அந்த வாரம் அந்தப் படத்தை மூடிவைத்துவிட்டு வழக்கமான பத்து நாள் முன்னறிவிப்பைப் பாருங்கள்.