வாசலில் நிற்கும் காரும் கரையில் வாங்கும் இன்ஜினும்

துபாயோ தோஹாவோ, பத்து வருஷம் கழித்துக் காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் திரும்பி வரும் நம்ம ஆட்களுக்கு முதல் மாசமே ஒரு யோசனை வரும். கவர் போட்டு வாசலில் நிற்கிற பழைய காரைத் தள்ளிவிட்டு, அண்ணன் தம்பியோடு சேர்ந்து ஒரு ஃபைபர் படகு, இன்ஜின், வலை என்று மீன்பிடிச் சாமான் சேர்த்தால் என்ன? நல்ல யோசனைதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். காரை விற்ற விதத்தில்தான் கோட்டை விட்டேன்.

புரோக்கர் ஒருவர் பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களில் தேதி போடாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுச் சாவியோடு போய்விட்டார். நாலு மாசம் கழித்து, மீன் ஏலத்தில் நிற்கும்போது, அதிவேகமாக ஓட்டியதற்கான அபராதம் என் போனுக்கு வந்தது. அபராதத்தோடு போனது என் அதிர்ஷ்டம். ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்று, யார் பெயரில் இருக்கிறதோ, விபத்து இழப்பீட்டுக்கும் அவர்தான் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. விற்ற 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிப்பது விற்றவர் வேலை. வாங்குபவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பெயரை மாற்றிவிட்டே மறுவேலை பாருங்கள். கார் லோனைக் கட்டி முடித்திருந்தாலும் ஆர்சியில் பேங்க் பெயர் தானாகப் போகாது. அதற்கு 35ஆம் படிவம். ஃபாஸ்டேக்கையும் மூடிவிடுங்கள்.

கார் 15 வருஷத்தைத் தாண்டிவிட்டதா? ஆர்சியைப் புதுப்பிக்கவே ஆயிரக்கணக்கில் கட்டணம், அதற்கு மேல் பசுமை வரி. வாங்க வருபவர் இதையெல்லாம் கழித்துத்தான் விலை கேட்பார்.

"காரைக் குடுங்கண்ணே, இன்ஜினை எடுத்துக்கினு போங்க" என்று கரையிலேயே ஒருத்தர் வருவார். மாற்றிக்கொள்வதில் தப்பில்லை, ஆனால் இரண்டுக்கும் தனித்தனியாக விலை பேசி எழுதி வாங்குங்கள். இன்ஜின் நம்பர் போட்ட பழைய பில் இல்லையென்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

பழைய இன்ஜினின் பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். புரொப்பெல்லர் இருக்கும் அடிப்பகுதியைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் ஒரே சீராகப் பீய்ச்ச வேண்டும். விட்டு விட்டுச் சொட்டினால் உள்ளே உப்பு அடைத்திருக்கும், இல்லை தண்ணீர் இழுக்கிற பம்ப் தேய்ந்திருக்கும். நடுக்கடலில் சூடாகி நின்றுவிடும். படகையும் விரல் முட்டியால் வரிசையாகத் தட்டிப் பாருங்கள். ணங்கென்று வந்த சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறினால், அங்கே ஃபைபர் அடுக்கு விட்டுப்போயிருக்கிறது.

வலை, ஐஸ் பெட்டி எல்லாம் வீட்டு ஆட்களே பார்த்துக்கொள்வார்கள். லைஃப் ஜாக்கெட்டை மட்டும் நீங்களே தலைக்கு ஒன்று புதுசாக வாங்குங்கள். "எனக்கு நீச்சல் தெரியாதா இன்னா?" என்று மாமா சிரிப்பார். சிரிக்கட்டும்.

படகை மீன்வளத் துறையில் பதிந்து நம்பர் வாங்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பெரிய விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கும். கரையோரம் போய்வரும் ஃபைபர் படகுக்கு அப்போதுதான் மீனுக்கு விலை. அதனால் மாசி, பங்குனிக்குள் சாமானை முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகைப் புயல் நேரத்தில் வாங்கினால் இன்ஜின் வீட்டு மூலையில்தான் கிடக்கும், கார் நின்ற மாதிரியே கவர் போட்டுக்கொண்டு.