“இவனுக்கு விளையாட்டு வராது” என்று முடிவு செய்யும் முன்: பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓடுதல், தாண்டுதல், எறிதல், பிடித்தல், ஒற்றைக் காலில் நிற்றல் போன்ற அடிப்படை அசைவுகள் வயது ஏறினால் தாமாகவே வந்துவிடும் என்று நம்புவதே முதல் தவறு. பந்து பிடிப்பதும் கயிறு தாண்டுவதும் எழுத்தைப் போலவே சொல்லித்தரப்பட்டு, பலமுறை செய்து கைவர வேண்டியவை. “இவனுக்கு விளையாட்டு வராது” என்று வீட்டார் ஒதுக்கிவிடும் குழந்தைகளில் பலர் மற்றவர்களைவிட மிகக் குறைவான முறையே முயன்று பார்க்க இடம் பெற்றவர்கள்.

பந்து பிடிப்பதையே எடுத்துக்கொள்வோம். மூன்று, நான்கு வயதுக் குழந்தை கைகளை விறைப்பாக நீட்டி, வரும் பந்தை மார்போடு அணைத்தே பிடிக்கும். பயத்தில் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வதும் அந்த வயதுக்கு இயல்புதான். அந்தக் குழந்தையிடம் பத்தடி தொலைவிலிருந்து டென்னிஸ் பந்தை வீசிவிட்டு, “பந்தைப் பாரு!” என்று அதட்டுவதால் அச்சம்தான் கூடுகிறது. முதலில் பலூன் போதும். அது மெதுவாக இறங்குவதால் கண் அதைப் பின்தொடர நேரம் கிடைக்கிறது. பிறகு துணிப்பந்து, அதன்பின் தரையில் ஒருமுறை குத்தி எழும் பெரிய ரப்பர் பந்து என்று நகர்ந்து, இரண்டு மூன்று காலடித் தொலைவிலிருந்து கையைத் தாழ்த்திப் போட்டால், அதே குழந்தை சில வாரங்களில் உள்ளங்கைகளால் பிடிக்கத் தொடங்குவதைக் காணலாம். சைக்கிளுக்கும் இது பொருந்தும்: பக்கச் சக்கரங்கள் மிதிக்கக் கற்றுத்தருமே தவிர, உண்மையில் கடினமான சமநிலையைக் கற்றுத்தருவதில்லை, பெடல்களைக் கழற்றி, இரு பாதங்களும் தரையில் படுமாறு இருக்கையை இறக்கி, உந்திச் செல்லவிடுவதே நல்லது.

பள்ளிகளில் நடக்கும் தவறு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. நாற்பது பேர் வரிசையில் நிற்க ஒரே ஒரு பந்து இருந்தால், ஒருவருக்கு எத்தனை முறை வாய்ப்புக் கிடைக்கும்? ‘அவுட்’ ஆனவர் உட்கார வேண்டும் என்ற விதியுள்ள ஆட்டங்களில், அதிகப் பயிற்சி தேவைப்படும் குழந்தையே முதலில் வெளியேறி, மீதி நேரம் முழுவதும் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவுட் ஆனவர் ஐந்து முறை குதித்துவிட்டு மீண்டும் சேரலாம் என்று விதியை மாற்றினால் போதும். தாமதமாக வந்ததற்காக மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவது, ஓட்டத்தையே தண்டனையாக மனத்தில் பதித்துவிடும். பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடும் வழக்கமும் நிற்க வேண்டும். 5 முதல் 17 வயதுள்ளோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாகக் குறைந்தது 60 நிமிடம் மிதமான அல்லது தீவிரமான உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

ஒப்பீட்டிலும் எச்சரிக்கை வேண்டும். ஒரே வகுப்பில் படிக்கும் இருவருக்கிடையே ஏறக்குறைய ஓராண்டு வயது வேறுபாடு இருக்கக்கூடும். ஆறு வயதில் ஓராண்டு என்பது வாழ்ந்த காலத்தில் ஆறில் ஒரு பங்கு. மூத்த பிள்ளையின் வேகத்தைக் காட்டி இளைய பிள்ளையைக் குறைசொல்வது அநீதி. “சூப்பர்!” என்று பொதுவாகப் பாராட்டுவதைவிட, “இந்த முறை கண்ணை மூடாமல் பார்த்தாய்” என்று செய்ததைக் குறிப்பிட்டுச் சொன்னால், அடுத்து எதைத் தொடர வேண்டும் என்பது குழந்தைக்கு விளங்கும்.

திறமை தெரிந்தவுடன் ஏழெட்டு வயதிலேயே ஒரே விளையாட்டுக்குள் அடைத்துவிடுவது எதிர்முனைத் தவறு. அப்படி ஒரே விளையாட்டில் மட்டும் பயிற்சி பெறுவதைக் குறைந்தது 15, 16 வயது வரை தள்ளிப்போடலாம் என்றும், வாரம் ஓரிரு நாள் ஓய்வு வேண்டும் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-இல் அறிவுறுத்தியது. பெண் பிள்ளைகள் பூப்பெய்தியதும் விளையாட்டை நிறுத்திவிடுவதற்கோ எந்த மருத்துவக் காரணமும் இல்லை.

பொறுமையாகப் பலமுறை பயிற்சி தந்தும் ஒரு குழந்தை அடிக்கடி தடுக்கி விழுந்து, பொத்தான் போடவும் எழுதவும்கூடத் தடுமாறினால், சோம்பேறி என்று திட்டாமல் கண் பரிசோதனை செய்துவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அசைவு ஒருங்கிணைப்பில் ஏற்படும் வளர்ச்சிக் குறைபாடு ஏறத்தாழ நூற்றில் ஐந்து குழந்தைகளுக்கு இருக்கிறது. செயல்முறைச் சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) அன்றாட வேலைகளைச் சிறு படிகளாகப் பிரித்துப் பழக்குவதால் அவர்களும் முன்னேறுகிறார்கள்.