பிரான்சில் பழைய வீடு வாங்கி வாடகைக்கு விடப் போகிறீர்களா? தோட்டத்தைக் கடைசியில் வையுங்கள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து இந்த மாதம் இரண்டு பிள்ளைகள் பிரான்சுக்குப் புறப்படுகிறார்கள். விடுமுறைக்கு வந்திருக்கும் என்னிடம் இருவருமே, "அண்ணா, கொஞ்சம் காசு சேர்ந்ததும் அங்கே ஒரு பழைய வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா?" என்று கேட்டார்கள். தாராளமாக விடலாம். ஆனால் நான் செலவு செய்த வரிசையில் செய்யாதீர்கள்.

காகித வேலை பெரிய விஷயமில்லை. பழைய வீடு என்றால் விலைக்கு மேல் 7, 8 சதவீதம் நொத்தேர் (சொத்துப் பத்திரம் எழுதிப் பதியும் அலுவலர்) செலவு என்று எடுத்து வையுங்கள். நொத்தேர், மேரி (நகராட்சி அலுவலகம்) எல்லாம் நம் ஊரிலேயே காதில் விழுந்த சொற்கள்தானே.

நான் 2024இல் பாரிசுக்கு வடக்கே ஒரு அறுபது வருடத்து வீட்டை வாங்கினேன். விலை குறைவு. ஏன் குறைவு என்று கேட்கவில்லை. "வாசல் நல்லா இருந்தா நல்ல குடித்தனம் வரும்" என்பார் அம்மா. லாஸ்பேட்டையில் எங்கள் மாடி வீட்டை அப்படித்தான் விட்டோம்: பெயின்ட், டைல்ஸ், வாசலில் நாலு செடி, ஒரே வாரத்தில் ஆள் வந்துவிட்டது. அதே நினைப்பில் அங்கேயும் முன்பக்கம் கல் பதித்து, வேலிச்செடி வைத்து, சமையலறையைப் புதிதாக்கினேன். தோட்டத்துக்கு மட்டும் 9,000 யூரோ. தோட்ட வேலைக்கு 20 சதவீதம் வரி என்பதே பில் வந்த பிறகுதான் தெரிந்தது. கட்டி இரண்டு வருடம் தாண்டிய வீட்டுக்குள் செய்யும் சாதாரண பழுதுபார்ப்புக்கு 10, குளிர் தடுக்கும் வேலைக்கு 5.5 சதவீதம்தான்.

2025 ஜனவரியில் வாடகைக்கு விடப் போனேன். ஏஜென்சிப் பெண் ஒரு தாளைப் பார்த்துவிட்டு, முடியாது என்றார். தேபேஎ என்கிற எரிசக்திச் சான்று அது. ஏ முதல் ஜி வரை ஏழு தரம். என் வீடு கடைசித் தரமான ஜி. அந்த ஜனவரி 1 முதல் ஜி தர வீட்டுக்குப் புது வாடகை ஒப்பந்தம் போட முடியாது. 2028இல் எஃப், 2034இல் இ தரத்துக்கும் இதே நிலை. வாங்கும்போது நொத்தேர் கொடுத்த காகிதக் கட்டுக்குள் அந்தத் தாளும் இருந்தது, நான் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம் ஊரில் காற்று வர வீடு கட்டுகிறோம். அங்கே சூடு வெளியே போகாத வீட்டுக்குத்தான் மதிப்பு. கூரைக்கு உள்ளே பஞ்சு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், வெளிச்சுவருக்கு உறை, கடைசியில் வெளியிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் என்று எட்டு மாதம் வேலை நடந்தது. அதுவரை வாடகை இல்லை, வங்கித் தவணை மட்டும் போனது. சுவருக்குச் சாரம் கட்ட வந்தவர்கள் என் வேலிச்செடி மேல்தான் நின்றார்கள். ஹீட் பம்புக்குக் குழாய் போட, பதித்த கல்லைப் பெயர்த்தார்கள். அன்றைக்கு நான் அங்கே நிற்க முடியாமல் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அப்புறம், காற்றுப்போக்கி வைக்காமல் எல்லா இடுக்கையும் அடைக்காதீர்கள், சுவரில் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சுவர் தோற்றம் மாறுவதாக இருந்தால் மேரியில் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அரசு உதவித்தொகைக்கும் வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பம் போட வேண்டும். நான் அவசரத்தில் முன்பணம் கொடுத்து வேலையை ஆரம்பித்துவிட்டேன். நம்மவர் ஒருவர் பில் இல்லாமல் பாதி விலைக்குச் செய்துதருகிறேன் என்பார். பில் இல்லாவிட்டால் வாடகை வருமானத்தில் அந்தச் செலவைக் கழிக்க முடியாது. கூரை ஒழுகினால் பத்து வருடக் காப்புறுதியைக் காட்டிக் கேட்கவும் வழியிருக்காது.

செடி ஆசை இருந்தால் எல்லாம் முடிந்த பிறகு வையுங்கள். 2 மீட்டருக்கு மேல் வளரும் மரம் என்றால், ஊரில் வேறு வழக்கம் இல்லாத வரை, பக்கத்து எல்லையிலிருந்து 2 மீட்டர் தள்ளி.

வீடு பார்க்க குளிர்காலத்தில் போங்கள். தோட்டத்தைப் பார்க்கும் முன் ஜன்னல் ஓரத்தில் கையை வைத்துப் பாருங்கள். காற்று ஜில்லென்று விரலில் பட்டால், குளிர் தடுக்கும் வேலைக்கான செலவை விலையிலிருந்து குறைத்துக் கேளுங்கள்.