மருந்துக்கு அடங்காத தொற்று: சிகிச்சை ஆய்வறிக்கையை வாசிக்கும் முறை

மருந்துக்கு அடங்காத கிருமிகளால் வரும் கடுந்தொற்றுக்குப் புதிய சிகிச்சை ஒன்று பலன் தந்ததாக ஆய்வறிக்கை வெளியாகும்போது, அதைப் பயிற்சி மருத்துவரோ மருந்தாளுநரோ எந்த வரிசையில் வாசிக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். முதல் வேலை, அறிக்கையின் தொடக்கத்தில் உள்ள சுருக்கத்தின் கடைசி இரண்டு வரிகளைக் கையால் மறைத்துக்கொள்வது. முடிவை முன்பே படித்துவிட்ட கண்ணுக்கு அட்டவணையில் உள்ள எண்கள் எல்லாம் அந்த முடிவுக்குச் சாட்சி சொல்வதாகவே தோன்றும்.

அடுத்து, ஒரு தாளில் இரண்டு பத்திகள் வரைந்து, ஒன்றில் புதிய மருந்து பெற்றவர்களையும் மற்றதில் ஒப்பீட்டு மருந்து பெற்றவர்களையும் குறியுங்கள். ஒவ்வொன்றின் கீழும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறிப்பிட்ட நாளுக்குள் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற இரண்டு எண்களை மட்டும் எழுதுங்கள். சதவீதம் பிறகு வரட்டும். 2018-இல் வெளியான மெரினோ ஆய்வை இப்படி எழுதிப் பார்க்கலாம். செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்காத ஈ.கோலை அல்லது க்ளெப்சியெல்லா கிருமி ரத்தத்தில் கலந்திருந்த நோயாளிகளுக்கு, சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல் போலப் பிரித்து, ஒரு சாராருக்குப் பைப்பராசிலின்-டாசோபாக்டமும் மறுசாராருக்குக் கார்பபெனெம் என்ற வலிமையான மருந்து வகையைச் சேர்ந்த மெரோபெனெமும் கொடுக்கப்பட்டன. இரண்டு மருந்துக்கும் அந்தக் கிருமிகள் கட்டுப்படும் என்று ஆய்வகம் சொல்லியிருந்தது. 30-ஆம் நாள் கணக்கில் முதல் பத்தியில் 187 பேரில் 23 பேரும், இரண்டாவதில் 191 பேரில் 7 பேரும் இறந்திருந்தார்கள், அதாவது 12.3 சதவீதம், 3.7 சதவீதம். மெரோபெனெமின் பயன்பாட்டைக் குறைக்க வழி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் தொடங்கிய ஆய்வு, அந்த வழியை அடைத்தது.

ஆனால் தாளில் எழுதிய எண்ணோடு நின்றுவிடக் கூடாது. இறந்தவர்களில் பலருக்கு முற்றிய புற்றுநோய் போன்ற அடிப்படை நோய்கள் இருந்தன. சேகரித்து வைத்திருந்த கிருமிகளை மேலும் துல்லியமான முறையில் பிறகு சோதித்தபோது, கட்டுப்படும் எனக் கருதப்பட்டவற்றில் சில உண்மையில் கட்டுப்படாதவை என்று தெரிந்தது. அவற்றை நீக்கிக் கணக்கிட்டால் இரு சாராருக்கும் இடையிலான வேறுபாடு சுருங்கியது. ஆகவே எந்த அறிக்கையிலும், கிருமி மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதை எந்த முறையில் சோதித்தார்கள் என்று சொல்லும் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். சலிப்பூட்டும் அந்தப் பகுதியில்தான் சில சமயம் முழு ஆய்வின் பொருளும் அடங்கியிருக்கிறது.

மூன்றாவதாக, எதை வெற்றி என்று எண்ணினார்கள் என்று பாருங்கள். ரத்தத்தில் கிருமி மறைவதும் நோயாளி பிழைப்பதும் ஒன்றல்ல. 2020-இல் வெளியான கேமரா2 ஆய்வில், மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ரத்தத்தில் கலந்த நோயாளிகளுக்கு வான்கோமைசின் அல்லது டாப்டோமைசினோடு பீட்டா-லாக்டம் வகை (பென்சிலின் குடும்ப) மருந்து ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஐந்தாம் நாளில் ரத்தத்தில் கிருமி நீடித்தவர்கள், கூட்டு மருந்து பெற்றோரில் 11 சதவீதம், தனி மருந்து பெற்றோரில் 20 சதவீதம். இத்தோடு அறிக்கையை மூடியிருந்தால் கூட்டு மருந்தே சிறந்தது என்று எண்ணியிருப்போம். ஆனால் திடீர் சிறுநீரகப் பாதிப்பு கூட்டு மருந்து பெற்றோரில் 23 சதவீதமாகவும் மற்றோரில் 6 சதவீதமாகவும் இருந்தது. 90 நாள் இறப்பு முறையே 21, 16 சதவீதம். இறப்பு, நீடித்த கிருமி, மீண்டும் வந்த தொற்று, சிகிச்சைத் தோல்வி ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டிய முதன்மை அளவீட்டில் (ஆய்வின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்க முன்கூட்டியே தேர்ந்த அளவீடு) குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 440 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட ஆய்வு, சிறுநீரகப் பாதிப்பின் காரணமாக 352 பேரோடு நிறுத்தப்பட்டது. இப்படிப் பலவற்றைக் கட்டிச் சேர்த்த அளவீட்டைக் கண்டால், கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதிப் பார்ப்பது நல்லது. மரணத்தையும், ஐந்தாம் நாள் ரத்தப் பரிசோதனை முடிவையும் ஒரே எடையில் நிறுத்துவது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கிறது.

ஒப்பீட்டு மருந்து எது என்பதையும் கேட்க வேண்டும். கார்பபெனெமுக்கு அடங்காத அசினெட்டோபாக்டர் தொற்றில் சல்பாக்டம்-டுர்லோபாக்டம் கூட்டைச் சோதித்த ஆய்வில், 28 நாள் இறப்பு அதைப் பெற்றோரில் 19 சதவீதம், கோலிஸ்டின் பெற்றோரில் 32 சதவீதம். சிறுநீரகப் பாதிப்பு 13 சதவீதத்துக்கு எதிராக 38 சதவீதம். முடிவு வரவேற்கத்தக்கது, எனினும் கோலிஸ்டின் சிறுநீரகத்தைத் தாக்கும் பழைய மருந்து என்பதையும், இரு சாராருக்குமே இமிபெனெம் சேர்த்துக் கொடுக்கப்பட்டது என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இத்துறையின் ஆய்வுகளில் பல, புதிய முறை பழையதைவிட மோசமல்ல என்று காட்டுவதையே நோக்கமாகக் கொண்டவை. எவ்வளவு பின்தங்கினாலும் மோசமல்ல என்று ஏற்பார்கள் என்ற எல்லையை அவர்கள் முன்கூட்டியே வரைகிறார்கள். அந்த எண்ணைத் தேடி, அதை மனிதர்களாக மாற்றி வாசியுங்கள். 2024-இல் வெளியான பேலன்ஸ் ஆய்வு, ரத்தத் தொற்றுக்கு 14 நாள் மருந்துக்குப் பதில் 7 நாள் போதுமா என்று 3,608 நோயாளிகளிடம் சோதித்தது. அதன் எல்லை 4 சதவீதப் புள்ளி. நூறு பேருக்கு நான்கு கூடுதல் இறப்புவரை ஏற்பதாகப் பொருள். 90 நாள் இறப்பு 7 நாள் பெற்றோரில் 14.5, 14 நாள் பெற்றோரில் 16.1 சதவீதமாக அமைந்தது. நம்பிக்கையோடு பயன்படுத்தத்தக்க முடிவு இது. ஆனால் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தொற்று உடையவர்களையும் நோய் எதிர்ப்பாற்றல் கடுமையாகக் குன்றியவர்களையும் அந்த ஆய்வு சேர்க்கவில்லை. யாரைச் சேர்க்கவில்லை என்ற பட்டியலில் உங்கள் முன் படுத்திருக்கும் நோயாளி இருந்தால், அறிக்கை அவரைப் பற்றிப் பேசவில்லை.

சிறிய ஆய்வுகளில் நிதானம் வேண்டும். கார்பபெனெமுக்கு அடங்காத கிருமிகளில் செஃபிடெரோகால் என்ற மருந்தைச் சோதித்த ஆய்வில், அதைப் பெற்ற 101 பேரில் 34 பேரும், கிடைத்தவற்றுள் சிறந்த சிகிச்சை பெற்ற 49 பேரில் 9 பேரும் ஆய்வு முடிவதற்குள் இறந்தார்கள். எண்ணிக்கை சிறிது, நோயாளிகளோ பலவகை. இதை வைத்து மருந்தை ஒதுக்கிவிடவும் முடியாது, எண்களைக் கண்டுகொள்ளாமல் இருக்கவும் முடியாது.

சமவாய்ப்பு இல்லாமல் பழைய கோப்புகளிலிருந்து திரட்டிய ஆய்வு என்றால், காலக்கணக்கைச் சரிபாருங்கள். கிருமி வளர்ப்பு முடிவு வர மூன்று நாள் ஆகிறது, அதன்பிறகே சிறப்பு மருந்து தொடங்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் நாள் இறந்தவர் ஒருபோதும் சிறப்பு மருந்துக் குழுவில் இடம்பெற முடியாது. அவர் மற்ற குழுவின் கணக்கிலேயே விழுவார். மருந்து எதுவும் செய்யாமலே அதற்கு வெற்றி கிடைத்துவிடும்.

கடைசியாக, கையை எடுத்து முடிவு வரியைப் படிப்பதற்கு முன், ஆய்வுகளின் திட்டத்தை முன்கூட்டியே பதிந்து வைக்கும் பொதுப் பதிவேட்டைத் திறந்து, முதன்மை அளவீடாக முதலில் எதைப் பதிந்தார்கள், அது எந்தத் தேதியில் மாற்றப்பட்டது என்று பாருங்கள். நோயாளிகளைச் சேர்த்து முடித்தபிறகு மாற்றியிருந்தால், பழைய அளவீட்டின் எண்ணைத் துணை ஆவணங்களில் தேடி எடுத்து, உங்கள் இரண்டு பத்திகளின் கீழே அதையே எழுதுங்கள்.