ஆன்லைனில் வயர்லெஸ் படிக்கிறீர்களா? முதலில் டெசிபெல், அப்புறம் அந்த ஒரு வரைபடம்

நெட்வொர்க் கண்காணிப்பு வேலையில் இருந்துகொண்டே வயர்லெஸ் கம்யூனிகேஷன் பாடத்தை ஆன்லைனில் படித்து முடித்தேன். இப்போது அதே மாதிரியான பாடம் படிக்கிறவர்களுக்குச் சந்தேகம் தீர்க்கும் வகுப்பு எடுக்கிறேன். எல்லாரும் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது எனக்கு ஓரளவு மனப்பாடம்.

டவர், ஆண்டெனா, 5ஜி என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். உள்ளே இருப்பது நிகழ்தகவும் கலப்பெண்களும். பாட விவரத்தில் முன் தேவை என்று சின்னதாகப் போட்டிருப்பதை யாரும் படிப்பதில்லை. உங்களுக்கு நீங்களே ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கொசைன் அலையை இரண்டு கலப்பெண் அடுக்குகளின் கூட்டலாக எழுத வருகிறதா? காஸியன் பரவலின் மாறுபாடு என்ன சொல்கிறது என்று தெரியுமா? ஒரு குறுகிய துடிப்பின் ஃபூரியர் உருமாற்றம் ஏன் அகலமாக இருக்கிறது? மூன்றில் இரண்டு தடுமாறினால், பாடம் தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் இதற்கே ஒதுக்குங்கள். பாடம் ஓடத் தொடங்கிவிட்டால் அந்த நேரம் கிடைக்காது.

அடுத்தது டெசிபெல், அதாவது ஒரு சக்தி இன்னொன்றைவிட எத்தனை மடங்கு என்பதை மடக்கையில் சொல்லும் அலகு. 3 டெசிபெல் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு. இந்த இரண்டை வைத்துக்கொண்டே மற்றதை மனக்கணக்காகப் போடலாம்: 7 என்பது பத்தில் மூன்று குறைவு, ஆகவே பத்தில் பாதி, ஐந்து மடங்கு. டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட அளவு. 0 டிபிஎம் ஒரு மில்லிவாட், 30 டிபிஎம் ஒரு வாட். நான் திருத்தும் விடைகளில் அடிக்கடி பார்ப்பது, 30 டிபிஎம்மையும் 30 டிபிஎம்மையும் கூட்டி 60 என்று எழுதுவது. ஒரு வாட்டும் ஒரு வாட்டும் சேர்ந்தால் இரண்டு வாட், அதாவது 33 டிபிஎம். 60 என்பது ஆயிரம் வாட்!

இது கைக்கு வந்ததும் ஒரு முழு இணைப்புக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தூரம் போகப் போகச் சிக்னல் எவ்வளவு குறையும் என்று சொல்லும், 1946-இல் ஹெரால்ட் ஃப்ரீஸ் வெளியிட்ட சூத்திரம்தான் அடிப்படை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, திறந்தவெளியில் 100 மீட்டர் தூரம்: பாதை இழப்பு சுமார் 80 டெசிபெல். அனுப்புவது 20 டிபிஎம் என்றால் வந்து சேர்வது மைனஸ் 60. நாய்ஸ், அதாவது கூடவே வரும் இரைச்சல், எவ்வளவு? அறை வெப்பநிலையில் ஒரு ஹெர்ட்ஸுக்கு மைனஸ் 174 டிபிஎம். 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்பது இரண்டு கோடி ஹெர்ட்ஸ், டெசிபெல்லில் 73; அதைக் கூட்டினால் மைனஸ் 101. ரிசீவர் தன் பங்குக்கு ஒரு 6 டெசிபெல் சேர்த்தாலும் மைனஸ் 95. ஆக, சிக்னல் நாய்ஸைவிட 35 டெசிபெல் மேலே நிற்கிறது. தாராளம். அப்படியிருந்தும் நிஜத்தில் இணைப்பு ஏன் திணறுகிறது என்ற கேள்வி இங்கே உங்களுக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த வீடியோவுக்குப் போகாதீர்கள்.

பதிலின் ஒரு பகுதி சுவர்கள். பெரும்பகுதி ஃபேடிங். சிக்னல் பல வழிகளில் எதிரொலித்து வந்து, சில இடத்தில் ஒன்றையொன்று வளர்க்கிறது, சில இடத்தில் அழிக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், அதனால் சில சென்டிமீட்டர் நகர்ந்தாலே நிலைமை மாறும். வைஃபை அளவை டிபிஎம்மில் காட்டும் ஒரு செயலியைப் போனில் திறந்து, மேசைமேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். போன் காட்டுவது சராசரி எண், அகலமான பட்டையில் பள்ளங்கள் ஓரளவு நிரம்பியும் விடும். ஆனாலும் ஆட்டம் தெரியும். ஆன்லைன் படிப்பில் ஆய்வகம் இல்லை என்று வருத்தப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சோதனையைத்தான்.

சரி, இப்போது தலைப்பில் சொன்ன அந்த வரைபடம்: குறுக்கே சிக்னல் நாய்ஸைவிட எத்தனை டெசிபெல் மேலே, நெடுக்கே எவ்வளவு பிட் தவறுகிறது. பைத்தானிலோ ஆக்டேவிலோ நீங்களே எழுதுங்கள். யாருடைய நிரலையும் நகலெடுக்க வேண்டாம். பிட்டுகளைப் பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று என மாற்றி, நாய்ஸ் சேர்த்து, எத்தனை பிட் தவறாக வந்தது என்று எண்ணுவதுதான் வேலை. லட்சத்தில் ஒரு பிட் தவறலாம் என்ற நிலைக்கு, வெறும் நாய்ஸ் மட்டும் இருந்தால் சுமார் 9.6 டெசிபெல் போதும். அதே சிக்னலை ரேலே ஃபேடிங் எண்ணால் (பல எதிரொலிகள் கலந்து வருவதைக் காட்டும் தற்செயல் எண்) பெருக்கிவிட்டு மறுபடி ஓட்டினால், தேவை சுமார் 44 டெசிபெல். இடைவெளி 34 டெசிபெல், அதாவது ஏறக்குறைய 2500 மடங்கு சக்தி. இவ்வளவு சின்னத் தவறு விகிதத்தை நம்பும்படி அளக்க ஒரு கோடி பிட்டாவது ஓட்ட வேண்டும். ஒவ்வொரு பிட்டாக லூப் போட்டால் கணினி இழுத்துக்கொண்டே இருக்கும். மொத்தமாக வரிசைகளாகக் கணக்கிடுங்கள்.

இந்த இரண்டு கோடுகளையும் அச்செடுத்து மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள் என்பேன். காரணம், பாடத்தின் பாதிக்கு மேல் இந்த இடைவெளியைச் சுருக்கும் வழிகள்தான். ரிசீவரில் இரண்டு ஆண்டெனா வைத்துச் சரியாகச் சேர்த்தால், ஒவ்வொன்றுக்கும் தேவை 44-லிருந்து ஏறக்குறைய 21 டெசிபெல்லுக்கு இறங்குகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் பள்ளத்தில் விழும் வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான் ரகசியம். ரிசீவரில் இடமில்லை, அனுப்பும் பக்கத்தில்தான் இரண்டு வைக்க முடியும் என்றால்? 1998-இல் அலமூட்டி கொடுத்த முறை அதற்குப் பதில். சக்தியை இரண்டாகப் பிரிப்பதால் 3 டெசிபெல் விலை. ஒவ்வொரு வாரமும் புதிய தலைப்பு வரும்போது, இது அந்த வரைபடத்தில் எந்தக் கோட்டை எங்கே நகர்த்துகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ஓஎஃப்டிஎம், அதாவது தகவலைப் பல குறுகிய துணை அலைகளில் பிரித்து அனுப்பும் முறை, வரும்போது மட்டும் கேள்வி கொஞ்சம் மாறும். அங்கே பிரச்சினை எதிரொலி அடுத்த சிம்பலின் (ஒரு தடவையில் அனுப்பும் துண்டு) மேல் விழுவது. 4ஜி-யின் எல்டிஇ தரநிலையில் துணை அலைகளுக்கு நடுவே 15 கிலோஹெர்ட்ஸ், சிம்பல் நீளம் 66.7 மைக்ரோ வினாடி, அதன் கடைசிப் பகுதியை நகலெடுத்து முன்னால் ஒட்டும் சைக்ளிக் பிரிஃபிக்ஸ் சுமார் 4.7. ஏன் 4.7? அந்த நேரத்தில் ஒளி 1.4 கிலோமீட்டர் போகும். பாதைகளுக்கிடையே அவ்வளவு வித்தியாசம் வரை தாங்கும் என்று அர்த்தம். தரநிலையில் வரும் எண்களை இப்படிப் பிரித்துப் பார்த்தால் மனப்பாடம் தேவைப்படாது.

1ஜி முதல் 5ஜி வரையிலான வரலாற்று வீடியோக்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டலாம், குற்றமில்லை. தேற்றங்கள் வரும் இடத்தில் அது வேண்டாம். ஆசிரியர் விடையைச் சொல்வதற்கு முந்தைய வரியில் நிறுத்தி, அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள்.

தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் அலகுகளில். ஒரு இணைப்பில் அதிகபட்சம் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்று சொல்லும், 1948-இல் வந்த ஷானன் சூத்திரத்தில் டெசிபெல்லை அப்படியே போடக் கூடாது. 20 மெகாஹெர்ட்ஸ், 20 டெசிபெல் என்றால் விகிதம் 100. விடை வினாடிக்குச் சுமார் 133 மெகாபிட். உங்களுக்கு 88 வந்தால் 20-ஐ நேராகப் போட்டிருக்கிறீர்கள். வேறு இடத்துக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால், அவர்கள் சொல்வது ஒரு பிட்டுக்கான விகிதமா, ஒரு சிம்பலுக்கானதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுதித் திட்டப்பணிக்கு முடிந்தால் ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற, கணினியில் செருகும் யுஎஸ்பி ரேடியோ ரிசீவர் குச்சியும், இலவச மென்பொருளான க்னூ ரேடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்எம் நிலையத்தின் அலைவரிசைப் படத்தில் தொடங்கி, விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் தகவலைப் பிரித்தெடுப்பது வரை போகலாம். அந்தக் குச்சி வாங்கும், அனுப்பாது. எதையெல்லாம் கேட்கலாம் என்பதில் நாட்டுக்கு நாடு விதி வேறு, பார்த்துக்கொள்ளுங்கள். அனுப்பவும் வசதியுள்ள கருவி கையில் இருந்தால், உரிமம் இல்லாமல் ஆண்டெனா மாட்டாதீர்கள். இரண்டு பக்கத்தையும் கேபிளால் இணைத்து, நடுவே சிக்னலைக் குறைக்கும் 30 டெசிபெல் அட்டெனுவேட்டர் ஒன்றைப் போடுங்கள். அது இல்லாவிட்டால் ரிசீவரின் முன்பகுதி கெட்டுப்போகலாம். ஃபேடிங்கை நிரலிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.