ஆய்வு மென்பொருள் மாநாட்டுக்கு உரையும் அமர்வும் அனுப்புவது எப்படி?

பெங்களூரில் இந்திய அறிவியல் நிறுவனம், என்.சி.பி.எஸ். என்ற தேசிய உயிரியல் அறிவியல் மையம், இந்திய வானியற்பியல் நிறுவனம் என்று எந்த ஆய்வுக்கூடத்தில் நுழைந்தாலும், தரவைச் சுத்தம் செய்யும் நிரலோடு மல்லுக்கட்டும் தமிழர் ஒருவராவது இருப்பார். அந்த உழைப்புக்கு ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரி கிடைத்தாலே பெரிது. ஆய்வுக்காக நிரல் எழுதும் அந்த உழைப்பைப் பற்றிப் பேசவென்றே உருவானவை ஆய்வு மென்பொருள் மாநாடுகள். 2016இல் மான்செஸ்டரில் தொடங்கி, 2019இல் ஜெர்மனியின் போட்ஸ்டாம், 2023இல் அமெரிக்காவின் சிகாகோ என்று பரவின. இங்கிருந்து போகும் விண்ணப்பங்களில் நல்ல வேலைகள் பல, எழுதிய விதத்தால் மட்டுமே தள்ளுபடியாகின்றன. அதைத் தவிர்க்கலாம்.

முதலில் எந்த வகைக்கு அனுப்புவது என்று முடிவெடுங்கள். முடிந்த வேலை, சொல்ல ஒரு பாடம் இருக்கிறது என்றால் உரை. பாதியில் நிற்கும் வேலைக்குப் போஸ்டர் அல்லது 5 நிமிட மின்னல் உரை. கூடியிருப்பவர்கள் கையால் செய்து பழக வேண்டும் என்றால் பயிலரங்கு. விடை உங்களிடமே இல்லை, பலரோடு பேசித்தான் தெளிய வேண்டும் என்றால் கலந்துரையாடல் அமர்வு. இந்தக் கடைசி வகையில்தான் பலரும் சறுக்குகிறார்கள்: கலந்துரையாடல் என்று பெயர் போட்டுவிட்டு, நாற்பது நிமிட உரையை எழுதி அனுப்புகிறார்கள். அவையோரிடம் கேட்கப்போகும் மூன்று நான்கு கேள்விகளை அப்படியே எழுதுங்கள். பேசியதை யார் குறிப்பெடுப்பார், அது எங்கே வெளியாகும் என்பதையும் சேருங்கள்.

அடுத்தது அப்ஸ்ட்ராக்ட், அதாவது விண்ணப்பத்தோடு அனுப்பும் சுருக்கம். வெற்றி தோல்வி பெரும்பாலும் இங்கேதான். மதிப்பீட்டாளர் உங்கள் மென்பொருளுக்கு மதிப்பெண் போடுவதில்லை. ‘இதைக் கேட்டுவிட்டுப் போகிறவர், வேறு துறைக்காரராக இருந்தாலும், தன் வேலையில் எதை மாற்றிக்கொள்வார்?’ என்றுதான் பார்க்கிறார். மழைத் தரவை வைத்து ஓர் உதாரணம் பார்ப்போம். ‘நாங்கள் பைத்தானில் ஒரு திறந்த மூலக் கருவியை உருவாக்கியுள்ளோம். அது வேகமானது, எளிதானது, விரிவாக்கக்கூடியது’ என்று தொடங்கினால் அங்கேயே கதை முடிந்தது. நூறு விண்ணப்பங்களில் எண்பது இப்படித்தான் இருக்கும்.

இப்படி எழுதிப் பாருங்கள்: ‘இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 0.25 பாகைக் கட்டங்களாகப் பிரித்த தினசரி மழைக் கோப்பில், தரவு இல்லாத கட்டங்களிலும் கடலிலும் −999 என்ற எண் இருக்கும். நேரடிச் சராசரி எடுத்தால் விடை எதிர்ம எண்ணாக வந்து தவறைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் வேறு கட்ட அளவுக்கு மாற்றும்போது, கடலோரக் கட்டத்தில் 40 மி.மீ. மழையோடு −999 வெறும் 2 சதவீத எடையில் கலந்தாலே அது 19 மி.மீ. ஆகிவிடும். பார்க்க இயல்பான எண், ஆனால் தவறு. இப்படிப்பட்ட பிழைகளைத் தானியங்கிச் சோதனையால் பிடித்த விதத்தைச் சொல்கிறோம்.’ மரபணுத் துறைக்காரர்கூட நிமிர்ந்து உட்காருவார், ஏனென்றால் அவர் கோப்பிலும் இதே மாதிரி ஒரு எண் ஒளிந்திருக்கும்.

300 சொல் வரம்பு என்றால், சிக்கலுக்கு 80, செய்ததற்கு 100, எது சரிவரவில்லை என்பதற்கு 50, கேட்பவர் கொண்டுபோவதற்கு 50 என்று ஒதுக்குங்கள். மிச்சம் 20 திருத்தத்துக்கு. சரிவராததை எழுதத் தயங்க வேண்டாம். இந்த வட்டாரத்தில் அதற்குத்தான் மரியாதை. பதினைந்து நிமிட உரையில் மூன்று கருத்துக்கு மேல் நிற்காது. ஐந்து எழுதினால், நேரக் கணக்கு தெரியாதவர் என்று மதிப்பீட்டாளர் புரிந்துகொள்வார்.

நிரலை வைத்திருக்கும் இணையக் களஞ்சியத்தின் இணைப்பைக் கொடுத்தால் கட்டாயம் திறந்து பார்ப்பார்கள். உரிமம் இல்லாத நிரலை மற்றவர் சட்டப்படி பயன்படுத்த முடியாது, ஆகவே லைசென்ஸ் கோப்பு அவசியம். ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் நிறுவும் முறை இருக்கட்டும். எப்படி மேற்கோள் காட்டுவது என்று சொல்லும் சைட்டேஷன்.சிஎஃப்எஃப் (CITATION.cff) கோப்பு ஒன்று வைத்தால், நிரல் களஞ்சியத் தளமான கிட்ஹப் தானே மேற்கோள் பொத்தானைக் காட்டும். ஸெனோடோ என்ற ஆய்வுக் காப்பகத் தளத்தில் ஒரு பதிப்பைச் சேமித்து டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் வாங்கிவிடுங்கள், காசு இல்லை. பெயர் மறைத்து மதிப்பிடும் மாநாடு என்றால் மட்டும் இணைப்பே கூடாது. களஞ்சிய முகவரியிலேயே உங்கள் பெயர் இருக்கும்.

பயிலரங்குக்கு நிமிடக் கணக்கு கேட்பார்கள். 90 நிமிடத்தில் 10 நிமிடம் எல்லார் கணினியும் ஓடுகிறதா என்று பார்க்க, 15 விளக்கம், 20 பயிற்சி, 5 விடை பார்த்தல், மறுபடி 15 விளக்கம், 20 பயிற்சி, கடைசி 5 கேள்விகள். இதற்கு மேல் எதையும் திணிக்க முடியாது. பயிலரங்குகள் கெடுவது பெரும்பாலும் நிறுவலில்தான். நாற்பது பேர் ஒரே அறையின் வைஃபையில் 3 ஜிபி இறக்கினால் முதல் அரை மணி நேரம் போயே போச்சு. நிறுவல் குறிப்பை ஒரு வாரம் முன்பே அனுப்புவோம் என்றும், முடியாதவர்களுக்கு உலாவியிலேயே ஓடும் பைண்டர் இணைப்பு உண்டு என்றும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். பைண்டரில் நினைவகம் 2 ஜிபிக்குள்தான், ஆகவே சிறிய மாதிரித் தரவு தயாராக இருக்கட்டும். பத்துப் பேருக்கு ஓர் உதவியாளர் வேண்டும். அவர்களைக் குறிப்பிட்டால் விண்ணப்பத்துக்கு வலு கூடும்.

கடைசி நாளைக் கவனியுங்கள். ‘எனிவேர் ஆன் எர்த்’ (உலகின் எந்த மூலையிலும் அந்த நாள் முடியும் வரை) நேரப்படி இரவு 11:59 என்றால், நமக்கு மறுநாள் மாலை 5:29. பிரிட்டனின் கோடைக்கால நேரம் என்றால் விடிகாலை 4:29 தான். இரண்டையும் குழப்பிக்கொண்டால் அரை நாள் பறிபோகும். படிவத்தில் நேரடியாகத் தட்டச்சு செய்யாதீர்கள், பாதியில் லாகவுட் ஆனால் எல்லாம் அழிந்துவிடும். தனிக் கோப்பில் எழுதி ஒட்டுங்கள். வரம்பு சொல்லிலா எழுத்திலா, எழுத்து என்றால் இடைவெளியும் சேர்த்தா என்று முதலிலேயே பாருங்கள். அனுப்பும் முன் வேறு துறை நண்பரிடம் கொடுத்து, ‘இதிலிருந்து உனக்கு என்ன கிடைக்கும்?’ என்று தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வது உங்கள் கடைசிப் பத்தியோடு ஒத்துப்போகவில்லை என்றால், திருத்த வேண்டியது உங்கள் பத்தி.

தேர்வானால் உறுதிப்படுத்தும் தேதியைத் தவறவிடாதீர்கள், இடம் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும். இத்தகைய மாநாடுகள் பலவற்றில் உரையாற்றுபவரும் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும்; உதவித்தொகைக்கான விண்ணப்பம் தனியாக, முன்கூட்டியே முடிந்துவிடும். ஜெர்மனி போன்ற ஷெங்கன் நாடு (ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளில் ஒன்று) என்றால் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், ஆனால் நேர்காணல் தேதி கிடைப்பதுதான் இழுக்கும். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் வேண்டும். அழைப்புக் கடிதத்தை, தேர்வுச் செய்தி வந்த அன்றே கேட்டுவிடுங்கள்.

தள்ளுபடியானால் மதிப்பீட்டாளர் குறிப்புகளைப் படித்து, அதே வேலையைப் போஸ்டராகவோ, நம்மூரிலேயே நடக்கும் இந்தியாஃபாஸ் என்ற திறந்த மூல மென்பொருள் மாநாட்டுக்கு ஏற்றபடியோ மாற்றி அனுப்பலாம். ஆனால் அப்படியே வெட்டி ஒட்டாதீர்கள். அங்கே வருபவர்களில் ஆய்வாளர் குறைவு, நிரலாளர் அதிகம். மழை அறிவியலைக் குறைத்து, அந்தத் தானியங்கிச் சோதனையை முன்னே கொண்டுவாருங்கள்.